மேஸ்திரி கொடுத்த டிரம்

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் முழங்காலில் இடிப்பது ஒரு நீல டிரம்தான். கதவுக்குப் பின்னால் நிற்கும், அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும், இடமே இல்லாத வீட்டில் கட்டிலின் தலைமாட்டில் நிற்கும். குழாயில் தண்ணீர் மனசு வைத்தால் வரும், வைக்காவிட்டால் வாரம் முழுக்க வராது. வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்துக்கொள்ளாத வீட்டில் அப்புறம் முகம் கழுவக்கூட யோசிக்க வேண்டும். டிரம் இல்லாத வீட்டில் பெண் கொடுக்க மாட்டோம் என்று நாங்கள் கேலி பேசுவோம். கேலிதான், ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் வந்தால் டிரம்மைப் பார்க்காமல் போனதில்லை.

டிரம் வருவது தெருமுனையில் இருக்கிற முலாம் கம்பெனியிலிருந்து. கைப்பைக்கும் இடுப்பு பெல்ட்டுக்கும் வைக்கிற பக்கிளுக்கு அங்கே முலாம் போடுகிறார்கள். பக்கிள் கப்பலேறிப் போய்விடும், மருந்து தீர்ந்த டிரம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். தொட்டியில் ஊற்றுகிற எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே பெயர்தான், மருந்து. உள்ளே போய் இருபது வருஷம் வேலை பார்த்தவனும் மருந்து என்பான், வாசலில் நிற்கிற காவல்காரனும் மருந்து என்பான்.

அதற்காக நாங்கள் வந்த டிரம்மில் அப்படியே தண்ணீர் பிடித்துக் குடிக்கிற ஜென்மங்கள் இல்லை. டிரம்மைப் பழக்க வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்துப் போட்டு, அப்புறம் மாதக்கணக்கில் துணி துவைக்கிற தண்ணீருக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மோந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை என்று ஆன பிறகுதான் குடிதண்ணீருக்கு எடுப்போம். அதுதான் பழகின டிரம். பழகின டிரம்மில் மருந்து இருக்காது என்பது தெருவின் நம்பிக்கை. யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்து வீட்டைக் காட்டுவார்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரி மற்றவர்கள் பழக்குவதைப் போல இரண்டு பங்கு காலம் பழக்கினாள். அவளுக்குத் தெருவில் சுத்தக்காரி என்று பெயர். கழுவின தட்டை மறுபடி கழுவுவாள், காய வைத்த துணியை மோந்து பார்த்துவிட்டு மறுபடி நனைப்பாள். கல்யாணமாகி, எல்லோரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை. பாட்டில் பால்தான். அந்தக் குழந்தையோ பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு வாய் உறிஞ்சும், நாக்கால் தள்ளிவிடும். எடை ஏறவில்லை என்று ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கிக்கொண்டு வருவாள். குழந்தை கையை என் விரலால் சுற்றிப் பிடித்தால் மிச்சம் இடம் இருக்கும்.

அவள் புருஷன் முலாம்காரர். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கம்பியில் கோத்த பக்கிளை முக்கி எடுக்கிற வேலை. வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். பளபளப்பு மருந்து ஊற்றுகிற நாளில் மட்டும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். அந்த மருந்தின் ஆவி பட்டால் உதடும் மீசையும் இனிக்குமாம்.

"இன்னைக்கு எனக்குச் சர்க்கரை போடாத டீ போதும்," என்பார்.

"மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க, டீயைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்பாள் இவள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

அந்த வீட்டு டிரம் வந்த கதை இன்னும் வேடிக்கை. கம்பெனியின் மேஸ்திரி இவளுக்குக் கூடப் பிறந்த அண்ணன். தங்கச்சி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நல்லதாக ஒரு டிரம்மைத் தானே தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார். தாய்மாமன் சீர் பிள்ளைக்கு முன்னாலேயே வந்துவிட்டதே என்று நான்தான் கிண்டல் பண்ணினேன். மேஸ்திரி வெட்கப்பட்டுக்கொண்டு போனார். கெட்ட மனுஷர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மத்தியானம் நானும் அவளும் அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பக்கிள் கோத்துக்கொண்டிருந்தோம். செம்புக் கம்பியில் ஒன்றைக் கோத்து ஒரு முறுக்கு, அடுத்ததைக் கோத்து ஒரு முறுக்கு. ஒன்றோடு ஒன்று ஒட்டினால் ஒட்டின இடத்தில் முலாம் ஏறாது. தெருவில் பாதி வீட்டில் இந்த வேலை நடக்கிறது. நகத்தடியில் செம்புக் களிம்பு ஏறிப் பச்சையாகக் கிடக்கும். அப்போது மேஸ்திரி வந்தார்.

"என்னண்ணே, வேலை நேரத்துல?"

"முதல்ல ஒரு சொம்பு தண்ணி குடு. நாக்கு ஒட்டிக்கிச்சு."

டிரம்மிலிருந்து மொண்டு கொடுத்தாள். நின்றபடியே அண்ணாந்து குடித்தார். இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்தார்.

"உன் வீட்டுத் தண்ணி மாதிரி எங்கயும் வராது," என்று வாயைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அந்த டிரம்மின் விளிம்பைத் தட்டிக்கொண்டே நின்றார். "இதைக் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கிறேன்."

"எதை?"

"டிரம்மைத்தான். உன்னோடது மட்டும் இல்ல, தெருவுல இருக்கற எல்லாத்தையும். ரெண்டு மூணு நாள்ல திரும்பி வந்துடும்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கற மாமனை இப்பத்தான் பாக்கறேன்," என்றேன் நான்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். "அக்கா, பக்கிளை வாங்கற நாட்டுல ஏதோ சட்டம் போட்டிருக்காங்களாம். சாமான் எங்கேருந்து வருது, யாரு செய்யறா, செய்யறவனுக்கு உடம்புக்கு ஏதாவது வருதா, சாக்கடையில என்ன போகுது, எல்லாத்துக்கும் வாங்கறவன் பதில் சொல்லியாகணுமாம். அதனால அங்கேருந்து ஒரு அம்மா வராங்க, பாக்கறதுக்கு."

"நல்ல சட்டமாத்தானே தெரியுது."

"நான் கெட்ட சட்டம்னா சொன்னேன். வந்தவங்க முதல்ல கேக்கப்போறது காலி டிரம் எங்கேன்னுதானாம். எல்லாம் கொல்லையில பத்திரமா அடுக்கியிருக்கு, அழிக்கறதுக்கு ஆள் வரணும்னு முதலாளி சொல்லிட்டாரு. கொல்லையில போய்ப் பாத்தா இந்த வாரம் தீர்ந்த டிரம்தான் நிக்குது. மிச்சமெல்லாம் உங்க வீட்டுல நிக்குது."

சுத்தக்காரி கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தாள். "ஏண்ணே, குடிக்கிற தண்ணிக்கு இந்த டிரம்மை வெச்சிருந்தா அது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா?"

"பின்னே ஏன் ஒளிக்கணும்?"

"ஒளிக்கலம்மா. அவங்க ஊர்ல இப்படிப் பழக்கம் இல்ல. பாத்தா பயந்துடுவாங்க. ஆர்டரை நிறுத்திட்டா உன் புருஷனும் வீட்டுல, நானும் வீட்டுல, நீங்க ரெண்டு பேரும் கோக்கறதுக்குப் பக்கிளும் இருக்காது. இதையும் மூட்டை கட்டிக் குடுத்துடுங்க, வீட்டுல வெச்சுக் கோக்கறீங்கன்னு தெரியக்கூடாது."

அவளுக்கு அதில் மனசு சமாதானமாகவில்லை. "என் டிரம் எனக்கே வரணும்ணே. வேற டிரம் வந்தா நான் தொடமாட்டேன். இத்தனை நாள் பழக்கியிருக்கேன்," என்றவள் எழுந்து போய் நகப்பாலிஷ் பாட்டிலை எடுத்து வந்து, டிரம்மின் வயிற்றில் ரோஸ் நிறத்தில் பெரிய வட்டம் போட்டாள். சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லோரும் ஆளுக்கொரு அடையாளம் போட்டுவிட்டார்கள். ஒருத்தி பூப்போட்டாள், ஒருத்தி தன் புருஷன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு வெட்கப்பட்டாள்.

"எல்லாத்தையும் தனி வரிசையா நிறுத்தச் சொல்றேன். நான் பாத்துக்கறேன்," என்றார் மேஸ்திரி.

மறுநாள் கம்பெனி வேன் வந்து டிரம்களை அள்ளிக்கொண்டு போனது. இருந்த தண்ணீரைக் குடத்திலும் சட்டியிலும் வாளியிலும் ஊற்றி வைத்துக்கொண்டோம். டிரம் போன பிறகுதான் தரையைப் பார்த்தோம். டிரம் நின்ற இடத்தில் ஈரம் ஊறி ஊறிக் கறுத்த ஒரு வட்டம். எல்லார் வீட்டிலும் ஒரே அளவு வட்டம். சுத்தக்காரி கல்லைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். அது போகிற வட்டமாக இல்லை.

பார்க்க வந்த அம்மா நெட்டையாக, வெயிலில் சிவந்துபோய், தொப்பி போட்டுக்கொண்டு இருந்தாள். கூடவே பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு ஆள். காலையெல்லாம் கம்பெனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் தெருவுக்குள் நடந்து வந்துவிட்டாள். மேஸ்திரி பின்னாலேயே ஓடி வந்தார். அந்த அம்மா முதலில் நுழைந்தது சுத்தக்காரியின் வீட்டுக்குள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டிருக்கும்.

வந்தவளை உட்கார வைத்து, குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள் இவள். வீட்டில் இருந்ததிலேயே நல்ல டம்ளர். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், சிரித்தாள், கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள், அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டாள். கூட வந்த ஆளிடம் ஏதோ சொன்னாள்.

"இப்பத்தான் குடிச்சாங்களாம்," என்றான் அவன்.

சுத்தக்காரியின் முகம் சுருங்கிவிட்டது. அவள் கொடுத்த தண்ணீரை அதுவரைக்கும் யாரும் வேண்டாம் என்று சொன்னது கிடையாது.

அப்புறம் அந்த அம்மா தரையில் இருந்த வட்டத்தைப் பார்த்தாள். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இங்க என்ன இருந்துச்சுன்னு கேக்கறாங்க," என்றான் அவன்.

இவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வாசற்படியில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அரிசி மூட்டை," என்றாள்.

அடுத்த வீடு என் வீடு. அதற்கடுத்து இன்னும் நாலைந்து வீடு. எல்லா வீட்டுத் தரையிலும் வட்டம், எல்லா வட்டத்திலும் அரிசி மூட்டை. ஈரம் ஊறின அரிசி மூட்டை. அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ. கிளம்பும்போது குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, அந்த ஆளிடம் நீளமாக ஏதோ சொன்னாள். அவன் மேஸ்திரியைப் பார்த்தான். எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை.

டிரம்கள் திரும்பி வந்த அன்றைக்கு வந்து சேர்ந்தது பார் ஒரு சோதனை. குடங்கள் காலியாகி, எல்லோரும் குழாயையே முறைத்துக்கொண்டிருந்தோம். வேன் தெருவுக்குள் நுழைகிறது, குழாயில் காற்று சீறுகிறது, தண்ணீர் வந்துவிட்டது. இறக்குகிற ஆட்கள் ஒவ்வொரு வாசலிலும் ஒன்றை உருட்டிவிட்டுப் போனார்கள். எல்லாம் புதுசு மாதிரி மின்னின. பூ இல்லை, எழுத்து இல்லை.

"ஏம்ப்பா, என் டிரம்முல ரோஸ் வட்டம் இருந்துச்சே?" என்று இவள் வேன் பின்னாலேயே ஓடினாள்.

"எல்லாத்தையும் தின்னர் போட்டுத் துடைச்சாச்சுக்கா. அடையாளம் தெரிஞ்சா வீட்டுலேருந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சுடுவாங்களாம்."

"இது என்னுதுதானா?"

"வரிசையாத்தானே இறக்கறோம். மேஸ்திரியே ஏத்திவிட்டாரு."

குழாயின் கீழே அதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் எந்த நிமிஷம் நிற்கும் என்று தெரியாது. சுத்தக்காரிக்கு அண்ணன் பேரைக் கேட்டதும் பாதித் தைரியம் வந்துவிட்டது. தின்னர் நாற்றத்தில் வேறு எந்த நாற்றமும் தெரியவில்லை. மிச்சமிருந்த வாளித் தண்ணீரில் சோப்பைக் கரைத்து உள்ளே தேய்த்து அலசிக் கொட்டினாள். சாக்கடையில் நுரை போய்க்கொண்டே இருந்தது. எங்கள் எல்லோருடைய நுரையும்தான். பத்து வீட்டுக்காரிகள் ஒன்றாகக் கழுவினால் நுரை வரத்தானே செய்யும் என்று நினைத்தேன். அப்புறம் மாறி மாறித் தண்ணீர் தூக்கினோம். டிரம் நிறைந்ததும் குழாய் நின்றது. நல்லவேளை என்று மூச்சு விட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டுகிற சத்தம்.

"அக்கா, ஓடி வாங்க. இங்க வந்து பாருங்க."

ஓடினேன். மடியில் குழந்தை. பாட்டிலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சப்பு சப்பென்று குடித்துக்கொண்டிருந்தது. இவள் பாட்டிலை மெல்ல இழுத்துப் பார்த்தாள். விடவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிவிட்டு, காலியானதும் வீறிட்டு அழுதது.

"இன்னும் கேக்குதுக்கா. என் தங்கம் இன்னும் கேக்குது."

"கேட்டா குடுடி. இதுக்குத்தானே தவங்கெடந்தே."

மறுபடி தண்ணீர் மொண்டு, காய்ச்சி, ஆற்றி, பவுடரைக் கலந்து கொடுத்தாள். அதையும் குடித்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். நான் அந்தக் குழந்தைக்குத் திருஷ்டி படப்போகிறது என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்தேன். அது அவள் தோளிலேயே அசந்து தூங்கிவிட்டது.

வெளிச்சம் போகிற நேரத்துக்கு முலாம்காரர் வந்தார். கை கால் கழுவினார். சொம்பில் மொண்டு வாய் நிறைய ஊற்றிக் கொப்பளித்தார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எப்போதும் மூன்று தடவை கொப்பளித்துத் துப்புகிற மனுஷர். நான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுல சர்க்கரை போட்டியா?" என்று பெண்டாட்டியைக் கேட்டார்.

"தண்ணில யாராவது சர்க்கரை போடுவாங்களா?"

"இன்னைக்குப் பளபளப்பு மருந்து நான் ஊத்தல. என் மீசை இனிக்கல." இன்னொரு வாய் ஊற்றிப் பார்த்துத் துப்பினார். "தண்ணிதான் இனிக்குது."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். பாட்டில் காலியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அப்புறம் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"எழுப்பு," என்றார் முலாம்காரர்.

எழுப்பினாள். கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைத் தேய்த்தாள். குழந்தை பாதிக் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. வயிறு நிறைந்து தூங்குகிற பிள்ளையும் அப்படித்தான் செய்யும். அதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. அது நன்றாகத் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லையே.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஆர்டர் கையை விட்டுப் போகலம்மா. தப்பிச்சோம். அந்தம்மா எல்லாத்தையும் எண்ணிப் பாத்துட்டு, சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மாப்ளே, இனிமே வருஷம் பூரா வேலை."

சுத்தக்காரி எழுந்தாள். அந்த நல்ல டம்ளரை எடுத்து டிரம்மில் மொண்டாள். அண்ணனுக்கு முன்னால் நீட்டினாள்.

"தண்ணி குடிண்ணே."

மேஸ்திரி வாங்கிக்கொண்டார். குடிக்கப் போனவர் முலாம்காரரின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவள் தோளில் தலை தொங்கக் கிடந்த மருமகளைப் பார்த்தார். டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் போய் அங்கேயே நின்றது.

"இப்பத்தான் குடிச்சேம்மா," என்றார்.

டம்ளரைத் தரையில் வைத்தார்.

"எப்படிண்ணே மாறுச்சு?" அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"தனி வரிசையாத்தான் வெச்சிருந்தேன். சத்தியமா. அந்தம்மா நடுவுல நடந்து எண்ணணும்னாங்க. வரிசையைக் கலைச்சு மறுபடி அடுக்கச் சொன்னாங்க. அப்ப இந்த வாரம் தீர்ந்த டிரம்மோட கலந்துடுச்சு."

"உனக்குத் தெரியும்."

"நீ எப்படியும் கழுவித்தானே பிடிப்பே. ஒண்ணுக்கு ரெண்டு தடவை கழுவறவ. மத்த வீட்டை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு, உன்னை நினைச்சு இல்ல."

முலாம்காரர் குழந்தையை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "மச்சான், அந்த மருந்து பேரு என்ன? ஆஸ்பத்திரில கேப்பாங்க."

"பளபளப்பு மருந்துதான்."

"அது நாம வெச்ச பேரு. உண்மையான பேரு என்ன? நானும் இத்தனை வருஷமா அதுலதான் கை விடறேன், எனக்குத் தெரியல. நீங்க மேஸ்திரி, உங்களுக்குத் தெரியும்ல?"

"லேபிள்ல போட்டிருக்கும்."

"லேபிள் எங்க?"

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எல்லாம் ஒண்ணு போல இருக்கணும்னு நான்தான் கிழிச்சேன்."

புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். செருப்புக்கூடப் போடவில்லை. கதவு திறந்து கிடந்தது. மேஸ்திரி என் முந்தானையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

"அக்கா, தெருவுல இப்ப எதுவும் சொல்லிடாதீங்க. விடிஞ்சதும் எல்லாத்தையும் மாத்திக் குடுத்துடறேன். விஷயம் வெளிய போச்சுன்னா அந்தம்மா காதுக்குப் போயிடும்."

"எழுந்திரு," என்றேன். "எழுந்து கம்பெனிக்கு ஓடு. கிழிச்ச லேபிளைக் குப்பையில தேடு. கிடைச்சா நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. கிடைக்கலைன்னா என் கண்ணுல படாதே."

அவர் போனார். ஓடினாரா நடந்தாரா என்று நான் பார்க்கவில்லை.

என் வீட்டுக்குள் வந்து டிரம்மில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். சப்பென்று இருந்தது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர். ஒரு தண்ணீருக்கு ருசி இல்லாமல் போனதற்காக அப்படிச் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான். உடனேயே இன்னொன்று உறைத்தது. என் டிரம் பழகினது என்றால், பழகாதது வேறு யார் வீட்டிலோ நிற்கிறது. ஒன்றா, இரண்டா, எத்தனையோ.

வீடு வீடாக ஓடினேன். தண்ணீரைத் தொடாதீங்க, நாக்குல வெச்சுப் பாருங்க, இனிச்சா கொட்டிடுங்க என்று சொல்லிக்கொண்டே போனேன். சிலர் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள். அடுத்து தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, கொட்டு என்றால் யார் கொட்டுவார்கள். ஒருத்தி வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்றாள். அடுத்தவளும் இல்லையே என்றாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கடைசி வீட்டுக்காரி வாசலில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். வரிசையாகப் பிள்ளைகள் உள்ள வீடு, எப்போதும் சத்தமாக இருக்கும். அன்றைக்கு உள்ளே சத்தமே இல்லை.

"பிள்ளைங்க எங்கடி?" என்றேன்.

"தூங்குதுங்க அக்கா. அதிசயமா இருக்கு," என்று சிரித்தாள். "இன்னைக்கு என்னமோ ஒவ்வொண்ணும் சொம்பு சொம்பா வாங்கித் தண்ணி குடிச்சுட்டுப் படுத்துடுச்சுங்க."